எடிட்டிங்குக்குக் கணினி வாங்கணும், காசை எதில் போடுறது?

கேள்வி, பர்மாவின் மோல்மேனிலிருந்து. 2025 ஜூன் 2

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா போட்டோ எடுக்கிறேன். மூணு வருஷமா லேப்டாப்பிலேயே எடிட்டிங். இப்போ டெஸ்க்டாப் வாங்கலாம்னு இருக்கேன். கடைக்காரர் பெரிய கிராபிக்ஸ் கார்டும் 64 ஜிபி ராமும் போடச் சொல்றார். மெஷின் நல்லா இருந்தா மானிட்டர் எதுவா இருந்தாலும் ஓடும், 27 அங்குல வளைவு கேமிங் மானிட்டர் ஒண்ணு சல்லிசா சேர்த்துத் தர்றேன்னார். சரிதானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 2, இரவு 10.40

சரியில்லை தம்பி. தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். மெஷின் மெதுவாக இருந்தால் நம் நேரம்தான் போகும். மானிட்டர் தப்பாக இருந்தால் படமே போய்விடும், அதுவும் நமக்குத் தெரியாமல்.

2017-ல் ரங்கூனில் ஒரு கல்யாணம் எடுத்தேன். அப்போது என் மேசையில் இருந்தது 24 அங்குல மலிவு மானிட்டர். வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு வைத்துத்தான் வேலை செய்வேன், அப்படித்தான் கடையிலிருந்து வந்தது. திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கொஞ்சம் கூடவே பளிச்சென்று தெரிந்ததால் எக்ஸ்போஷரைக் குறைத்துக் குறைத்து வைத்தேன். ஆல்பம் அச்சாகி வந்ததும் பொண்ணு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொண்ணோட பாட்டி நல்ல கறுப்பு. கருநீலப் பட்டுக் கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அச்சில் அவர் முகம், கொண்டை, புடவை எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டு. கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிகிறது. அந்தம்மா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "நான் இவ்வளவு கறுப்பா தம்பி?" என்று கேட்டார். கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அச்சடித்த லேப்காரன் மேல் பழி போட்டேன். வேறொரு லேப்பில் போட்டேன், அதே கறுப்பு. அப்புறம்தான் புரிந்தது, தப்பு என் மேசையில் இருக்கிறது என்று.

ஜூன் 3, காலை

ஏன் அப்படி ஆனது என்று நேற்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

திரை தானே வெளிச்சம் விடுகிறது. காகிதம் அறையில் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும். கடையிலிருந்து வரும் மானிட்டர் 250, 300 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை அடிக்கும். அச்சுக்காக எடிட் செய்கிறவர்கள் 80-லிருந்து 120-க்குள்தான் வைப்பார்கள். இரண்டரை மடங்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தால் நிழலுக்குள் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கும், கை தானாக இருட்டாக்கும். சிவந்த முகம் நடுச்சாயலில் இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். நம்ம ஆட்கள் முகம் அதைவிட ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கீழே கிடக்கிறது (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி). அங்கிருந்து இன்னும் கீழே தள்ளினால் காகிதத்தில் இடமே இல்லை. முதலில் அடிபடுவது நம்ம பாட்டிகள்தான்.

புதுசு வாங்குவதற்கு முன் இன்றைக்கே லேப்டாப்பில் இதைச் செய்யுங்க. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறங்க. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிங்க, அறை விளக்கு தாளின் மேல் விழட்டும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிகிற வரைக்கும் திரையைக் குறைங்க. முதல் இரண்டு நாள் மங்கலாக இருக்கிறதே என்று தோன்றும். கண் பழகிவிடும். சரியான அளவுக்குக் கருவி வேண்டும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 3, சாயங்காலம்

மானிட்டர் விஷயம்.

அந்த வளைவு மானிட்டர் வேண்டாம். திரைப் பலகையில் விஏ, டிஎன், ஐபிஎஸ் என்று மூன்று வகை உண்டு. அந்த விலையில் வருகிற வளைவுத் திரைகள் பெரும்பாலும் விஏ வகை. எதிரே உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், 3000-க்கு 1 என்று கான்ட்ராஸ்ட் போட்டிருப்பான், பொய்யில்லை. ஆனால் தலையை அரை அடி நகர்த்தினால் நிழல் பகுதி மாறும். முடி இழையும் நெற்றி ஓரமும் ஒருமுறை தெரியும், ஒருமுறை தெரியாது. எந்தத் தலைக்கு எடிட் செய்வது? தவிர வளைவுத் திரையில் மண்டபத் தூணும் மாலைக் கம்பமும் நேராக இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

டிஎன் வகை அதைவிட மோசம். 2017-ல் என்னிடம் இருந்தது அதுதான். மேலிருந்து கீழே பார்க்கையில் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஐபிஎஸ் வாங்குங்க. சாதாரண ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000-க்கு 1 பக்கம்தான், இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பரவாயில்லை, போட்டோத் தாளின் கான்ட்ராஸ்ட் அதைவிட ரொம்பக் குறைவு. ஐபிஎஸ் பிளாக் என்று ஒரு வகை வந்திருக்கிறது, 2000-க்கு 1 வரும், கையில் காசு இருந்தால் பாருங்க.

அளவு: 24 அங்குலத்தில் 1920×1200, அல்லது 27 அங்குலத்தில் 2560×1440. 27 அங்குலத்தில் வெறும் 1920×1080 வாங்காதீங்க, ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும், ஃபோகஸ் விழுந்திருக்கிறதா விழவில்லையா என்று ஒவ்வொரு படத்துக்கும் சந்தேகம் வரும். 2560×1440-இல் 109 புள்ளி. 4கே என்றால் 163, எழுத்தெல்லாம் அழகாக இருக்கும். ஆனால் படம் ரொம்ப நுணுக்கமாகத் தெரிவதால் நான் ஷார்ப்னஸை ஏற்றிவிடுகிறேன், அச்சில் தோல் சொரசொரப்பாக வருகிறது. எனக்கு 109 போதும்.

அட்டையில் "100% எஸ்ஆர்ஜிபி" என்று போட்டிருக்கிறதா பாருங்க. எஸ்ஆர்ஜிபி என்பது ஒரு நிறவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை. மலிவில் "45% என்டிஎஸ்சி" (பழைய டிவி நிற அளவு) என்று எழுதியதை எடுத்துக் கொடுப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபியில் முக்கால்வாசி கூட இல்லை. குங்குமம் செங்கல் மாதிரித் தெரியும்.

ஜூன் 5

முடிந்தால் அகல நிறவெளி மானிட்டர், அதாவது எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய அடோபி ஆர்ஜிபியில் 99% காட்டுவது, வாங்கச் சொல்லி முன்பு வேறோரிடத்தில் எழுதியிருந்தேன். இங்கேயும் அதையே எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே இரண்டு மனமாக இருக்கிறது.

எஸ்ஆர்ஜிபி 1996-ல் எச்பியும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து வகுத்தது. அடோபி ஆர்ஜிபி 1998. இரண்டாவது பெரியது, உண்மை. ஆனால் எங்கே பெரியது? பச்சைப் பக்கம் மட்டும்தான். சிவப்பு முனையும் நீல முனையும் இரண்டிலும் ஒரே புள்ளி. தென்னங்கீற்று, வாழை இலை, வயல், கடல் எடுப்பவருக்கு அது லாபம். குங்குமச் சிவப்புக்கு அதில் ஒரு துளியும் அதிகமாகக் கிடைக்காது. கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று மாற்றி வைத்துவிட்டு அம்மன் புடவை இனி நன்றாக வரும் என்று நம்பியிருந்த ஆட்களில் நானும் ஒருவன், இரண்டு வருஷம். சிவப்பு அதிகமாக வேண்டுமென்றால் பி3 என்கிற நிறவெளிதான் உதவும், அதில் சிவப்பு முனையும் நகர்ந்திருக்கிறது.

மஞ்சள்தான் நம் விழாக்களில் பெரிய தலைவலி. தீமிதிக்கு மஞ்சள் தண்ணீரில் நனைத்த வேட்டி, கழுத்தில் சாமந்தி, மேலே பத்து மணி வெயில். ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டுகிற வரைபடத்தை, நிறம் நிறமாகப் பிரித்துப் பாருங்க, சிவப்பு வலது ஓரத்தில் முட்டியிருக்கும், நீலம் இடது ஓரத்தில் பூஜ்யத்தில் கிடக்கும். வேட்டியின் மடிப்பெல்லாம் போய் மஞ்சள் அட்டை ஒட்டினது மாதிரி ஆகிவிடும். மானிட்டரை மாற்றினால் இது சரியாகாது. எடுக்கும்போதே அரை ஸ்டாப் குறைத்து எடுங்க, எடிட்டிங்கில் மஞ்சளின் சாச்சுரேஷனை மட்டும் இறக்குங்க, மடிப்பு திரும்பி வரும்.

ஜூன் 5, இன்னொன்று

தனக்கா, அதாவது மரப்பட்டையை அரைத்த பூச்சு. கல்யாணத்துக்கு வருகிற பர்மாக்காரப் பெண்கள், நம்ம பிள்ளைகளும்தான், கன்னத்தில் தனக்கா பூசி வருவார்கள். திரையில் வெள்ளையாகத் தெரிகிறதே என்று ஒயிட் பாலன்ஸ் துளிக்குழாயை அதில் வைத்து அமுக்காதீங்க. தனக்கா வெள்ளை இல்லை, இளமஞ்சள். அதை வெள்ளையாக்கினால் முகமெல்லாம் நீலம் பூக்கும். திருநீறு ஓரளவு கை கொடுக்கும், வெயிலில் வெளுத்துப்போகாமல் இருந்தால். நான் சட்டைப்பையில் ஒரு சாம்பல் அட்டை வைத்திருக்கிறேன், மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒன்று, மணவறையில் ஒன்று.

ஜூன் 6

தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க ஊர் லேப்பில் எஸ்ஆர்ஜிபி ஃபைல்தான் வாங்குவாங்க. அப்போ அகல நிறவெளி எதுக்கு?"

நியாயமான கேள்வி. நேற்றைய இரண்டு மனம் இன்று ஒரு மனமாகிவிட்டது. உங்களுக்கு வேண்டாம். ஆல்பமும் பேஸ்புக்கும்தான் வேலை என்றால் 100% எஸ்ஆர்ஜிபி உள்ள, நிறம் சரியாக இருக்கிற ஐபிஎஸ் போதும். டெல்டா இ என்று நிறப் பிழையைச் சொல்கிற ஒரு எண் போட்டிருப்பார்கள், 2-க்குக் கீழே இருந்தால் நல்லது, கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். அகல நிறவெளியில் இன்னொரு தொந்தரவும் உண்டு. நிற மேலாண்மை தெரியாத மென்பொருளில் படத்தைத் திறந்தால் எல்லார் முகமும் தக்காளியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து நிறத்தைக் குறைப்பீங்க, அச்சில் வெளிறிப்போய் வரும். ஒரு கோணலைச் சரிசெய்யப் போய் இன்னொன்று.

சொந்தமாக இங்க்ஜெட் பிரின்டர் வைத்துக் கண்காட்சிக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் நான் முன்பு சொன்னது பொருந்தும்.

ஜூன் 9

இப்போது மெஷின். இதில் எனக்கு மானிட்டர் அளவுக்கு ஈடுபாடு இல்லை, ஆனாலும் கேட்டதற்குப் பதில்.

24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலப் படம்) ஒன்று டிஸ்கில் 25, 30 எம்பிதான். போட்டோஷாப்பில் 16 பிட்டாகத் திறந்தால் ஒரு லேயருக்கே 144 எம்பி. 24 மில்லியன் புள்ளி, மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட், பெருக்கிப் பாருங்க. பத்து லேயர், பக்கத்தில் படங்களை அடுக்கித் திருத்துகிற லைட்ரூம், பாட்டு கேட்க பிரவுசர் என்றால் 16 ஜிபி மூச்சு வாங்கும். 32 ஜிபி போதும். 64 வேண்டியதில்லை. 16 ஜிபி குச்சி இரண்டு போடுங்க, ஒரே குச்சியாக 32 வேண்டாம், இரட்டைத் தடத்தில் வேகம் கூடும். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிராசசர் ஆறு கோர், எட்டு கோர், 65 வாட் வகையில் எடுங்க. போட்டோஷாப்பில் ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதுதான் பேசும், கோர் எண்ணிக்கை ஆல்பம் எக்ஸ்போர்ட் நேரத்தில்தான் உதவும்.

வேகம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி பக்கம், சாட்டா எஸ்எஸ்டி 550, என்விஎம்இ மூவாயிரத்துக்கு மேல். 1 டிபி என்விஎம்இயில் விண்டோசும் லைட்ரூமின் படப் பட்டியலும் இந்த மாத வேலையும் இருக்கட்டும். முடிந்த கல்யாணமெல்லாம் 4 டிபி ஹார்ட் டிஸ்குக்குப் போகட்டும்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிராசசரோடு வருவதே போதும்.

விலை எழுதவில்லை. நான் எழுதி நீங்க கடைக்குப் போவதற்குள் மாறியிருக்கும்.

ஜூன் 9, இரவு

கார்டு வேண்டாம் என்று காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். தட்டான் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற மாமா போன் போட்டுக் கேட்டார், "கோயில் ராத்திரிப் படத்தை நீ எதில் சுத்தம் பண்றே?" என்று. அவர் கேட்டது சரி. கருவறை வாசலில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400, 12800 என்று ஏற்றி எடுக்கிறோம், படம் புள்ளி புள்ளியாக வருகிறது. லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ், அந்தப் புள்ளிகளை நீக்குகிற வசதி, அந்தப் படங்களுக்கு வரம். அதன் வேகம் கார்டின் பலத்தைப் பொறுத்தது. என் கார்டில் ஒரு படம் அரை நிமிடத்துக்குள் முடிகிறது, கார்டு இல்லாத பழைய மெஷினில் பத்து நிமிடம் நின்றது. திருவிழா ராத்திரியில் 200 படம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்க.

ஆகவே: கோயில் வேலை உண்டென்றால் 8 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டு ஒன்று. கல்யாணம் மட்டும், ஃபிளாஷ் வெளிச்சம் என்றால் இப்போது வேண்டாம். கடைக்காரர் சொல்கிற பெரிய கார்டு இரண்டுக்குமே வேண்டாம், அது மின்சாரம் குடிக்கும். மின்சாரத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரெண்டு போகிற நேரம்.

ஜூன் 11

எங்கள் தெருவில் கரெண்டு நாலு மணி நேரம் வருகிறது, நாலு மணி நேரம் போகிறது, அதுவும் சொன்ன நேரத்துக்கு இல்லை. மோல்மேனில் எப்படியென்று உங்களுக்குத்தான் தெரியும். டெஸ்க்டாப் வாங்குகிறவர் இங்கே முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். கேள்விக்கு முதல் பதிலாகவே இதை எழுதியிருக்கணும்.

சின்ன யுபிஎஸ், 650 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று விற்பது. உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றுதான், 84 வாட் மணி. கணினியும் திரையும் 150 வாட் இழுத்தால் கணக்குப்படி அரை மணி நேரம், நடப்பில் பத்துப் பதினைந்து நிமிடம். சேமித்துவிட்டு மூடுவதற்கு மட்டும்தான். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மலிவு யுபிஎஸ் தருவது படிக்கட்டு மாதிரி வெட்டின அலை. நல்ல பவர் சப்ளை சிலது அதை ஒத்துக்கொள்ளாது, கரெண்டு போன நொடியில் மெஷின் அணைந்துவிடும், யுபிஎஸ் இருந்தும் இல்லாத கதை. ப்யூர் சைன், அதாவது வெட்டில்லாத சீரான அலை, என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்க.

நான் இப்போது வைத்திருப்பது ப்யூர் சைன் இன்வெர்ட்டரும் 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும். 1280 வாட் மணி. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்து, அடிமட்டம் வரை வடிய விடாமல், 150 வாட்டில் ஆறு மணி நேரம் ஓடுகிறது. அதே அளவு ஈய பேட்டரி என்றால் பாதி வரைக்கும்தான் இறக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் வருஷம் தாண்டாது. கார்டு முழு வேகத்தில் ஓடினால் இந்தக் கணக்கு பாதியாகும், அதனால் டீநாய்ஸை மட்டும் கரெண்டு இருக்கும்போது ஓட விடுகிறேன்.

கரெண்டு திரும்பி வருகிற முதல் நிமிடம்தான் ஆபத்தானது. வோல்டேஜ் துள்ளும். 2021-ல் என் பவர் சப்ளை ஒன்று அப்படித்தான் கருகியது. நடுவில் ஸ்டெபிலைசர், அதுவும் ரெண்டு மூணு நிமிடம் தாமதித்து விடுகிற வகை, கட்டாயம். எர்த் இழுத்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்க. பழைய மரவீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுக்கிறதென்றால் அதுதான் காரணம்.

ஜூன் 12

ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "இவ்வளவு கரெண்டுத் தொல்லைன்னா மேக் மினி வாங்கச் சொல்லலாமே?"

இரவு முழுக்க இதையே யோசித்தேன். 2024 கடைசியில் வந்த எம்4 மினி சும்மா இருக்கையில் நாலைந்து வாட்தான் எடுக்கும். எடிட்டிங்கில் சராசரி 30 என்று வைத்தாலும், திரைக்கு இன்னொரு 30. என் பேட்டரியில் ஒரு பகல் முழுக்க ஓடும். அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. நான் விண்டோஸ் ஆள், பழக்கத்தில் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். கரெண்டை முதலில் வைத்து யோசித்தால் அக்கா சொல்வதுதான் சரி.

தடை மூன்று. உள்ளே 256 ஜிபிதான், வெளியே எஸ்எஸ்டி தொங்கவிடணும். ராம் பிறகு ஏற்ற முடியாது. ரிப்பேர் என்று வந்தால் மோல்மேனில் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்க. டெஸ்க்டாப்பென்றால் பவர் சப்ளை போனாலும் அன்றைக்கே ஒன்றை மாட்டி வேலையைத் தொடரலாம், அது எனக்குப் பெரிய தைரியம்.

மென்பொருள் சந்தா கட்ட இங்கிருந்து வங்கிக் கார்டு போகவில்லை என்று கேட்டவருக்கு: டார்க்டேபிள், ராதெரபி என்கிற எடிட்டிங் மென்பொருள் இரண்டும் இலவசம், நிற மேலாண்மை ஒழுங்காக இருக்கிறது. படிய ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தைக் கொடுங்க.

ஜூன் 15

கருவி. கலரிமீட்டர் என்று ஒரு சுண்டெலி அளவுச் சாதனம், திரையில் தொங்கவிட்டால் நிறத்தை அளந்து ப்ரொஃபைல் எழுதித் தரும். கேலிபிரைட், டேட்டாகலர் இரண்டும் விற்கிறார்கள். கூட வருகிற மென்பொருள் பிடிக்காவிட்டால் டிஸ்ப்ளேகேல் இருக்கிறது, இலவசம். குறிகள்: வெள்ளைக்கு டி65, காமா 2.2, வெளிச்சம் 100 நிட். மாதம் ஒருமுறை போதும், திரையை அரை மணி நேரம் சூடாக விட்டுவிட்டுச் செய்யுங்க.

தனியாக வாங்க முடியவில்லையென்றால் சேர்ந்து வாங்குங்க. நாங்கள் அஞ்சு பேர் சேர்ந்துதான் ஒன்று வாங்கினோம், மாதத்தில் ஆளுக்கு ஒரு நாள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறோம், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை ஏறுகிற ஊர் இது.

கையில் காசு இருந்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மானிட்டரில் ஒரு படி இறங்கி இந்தக் கருவியை வாங்குங்க. நடுத்தர மானிட்டரை அளந்து வைத்தால் அளக்காத உயர்ந்த மானிட்டரைவிட நம்பலாம்.

அறை: என் அறைச் சுவர் வாழைக்குருத்துப் பச்சை. மூன்று வருஷம் தோலில் சிவப்பைக் குறைத்துக்கொண்டே இருந்தேன், ஏனென்று தெரியாமல். மானிட்டருக்குப் பின்சுவருக்கு மட்டுமாவது சாம்பலோ மங்கின வெள்ளையோ அடிங்க. கரெண்டு இருக்கும்போது ட்யூப்லைட், இல்லாதபோது பேட்டரி பல்பு என்று மாற்றி மாற்றி எரித்தால் கண் ஏமாறும். இரண்டுக்கும் ஒரே பல்பை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டேன்.

மறக்கும் முன்: எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டி, கறுப்பெல்லாம் சாம்பலாக வெளிறியிருந்தால் மானிட்டர் கெட்டுப்போகவில்லை. கணினி டிவிக்கு அனுப்புகிற மாதிரி 16-லிருந்து 235 வரைக்கும் மட்டும் அனுப்புகிறது. கணினியின் கிராபிக்ஸ் அமைப்பில் முழு வீச்சு என்று மாற்றுங்க. டிஸ்ப்ளேபோர்ட் ஒயர் இருந்தால் அதையே மாட்டுங்க.

ஜூன் 20

கேள்வியை விட்டு விலகித்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

நல்ல திரை வந்த பிறகு நான் அதிகம் செய்வது பழைய படங்களைத்தான். 1942 சண்டையில் இந்தியாவுக்கு நடந்து போனவர்கள், 1964-க்குப் பிறகு கப்பல் ஏறினவர்கள், போகாமல் பர்மாவிலேயே இருந்துவிட்டவர்கள் எல்லார் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா, பக்கத்தில் கை வைத்து நிற்கிற பாட்டி, பின்னால் திரைச்சீலையில் மாளிகை. பழுப்பேறி, பூச்சி அரித்து, மடித்த கோட்டில் வெடித்து வரும்.

4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400×3600. பெரிதாக்கி அச்சிட வேண்டுமென்றால் 1200. பழுப்பாக இருந்தாலும் வண்ணத்திலேயே, 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்க. கறை மஞ்சளாக இருக்கும், நீலச் சேனலில்தான் அது அடர்த்தியாகத் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதிக் கறை தானாக மறைந்துவிடும். கறுப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

போன மாதம் பெகுவிலிருந்து ஒரு படம் வந்தது. முகம் ஏறக்குறைய அழிந்திருந்தது. பழைய மானிட்டரில் பார்த்திருந்தால் வெற்றிடம் என்று சொல்லி, கணினியே வரைந்து தருகிற முகத்தை ஒட்டியிருப்பேன். அளந்து வைத்த திரையில் நிழலைத் தூக்கிப் பார்த்தபோது மூக்கின் ஓரமும் மேலுதடும் உண்மையாகவே இருந்தன, மிக மெல்லிசாக. அதை மட்டும் வெளியே கொண்டுவந்தேன். இல்லாத கண்ணை வரையவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பாதான்" என்றார்.

ஜூன் 22

சேமிப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும். மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலேயில் நண்பர் ஒருவரின் ஸ்டுடியோ அலமாரி சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றின் நகல் இன்னொன்று, இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. இரண்டுமே போச்சு. பதினொரு வருஷக் கல்யாணங்கள்.

இரண்டாவது டிஸ்கை வேறு வீட்டில் வைங்க. என்னுடையது தங்கச்சி வீட்டு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாதா மாதம் போய் மாற்றிவிட்டு வருகிறேன்.

ஜூலை 8

தம்பி வாங்கிவிட்டார். 24 அங்குல ஐபிஎஸ், 1920×1200. ஆறு கோர், 32 ஜிபி, 1 டிபி என்விஎம்இ, கார்டு இப்போதைக்கு இல்லை. மிச்சப்பட்ட காசில் ப்யூர் சைன் இன்வெர்ட்டர். நல்ல முடிவு. கலரிமீட்டருக்கு அங்கே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாராம், ஆடி மாதத்தில் வேலை குறைவு, அதற்குள் வந்துவிட்டால் எல்லாரும் சேர்ந்து பழகலாம். அதுவரைக்கும் எங்கள் கருவியை பஸ்ஸில் அனுப்பச் சொன்னார், அனுப்புகிறேன், பத்து நாளில் திருப்பிவிடுங்க.

சோதனைக்கு என்ன படம் போட என்று கேட்டார். ரங்கூன் வந்தபோது எடுத்த கொன்சேடான் தெருக் காளி கோயில் கோபுரம் வைத்திருக்கிறார், அது நிறத்துக்கு நல்லது, இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆனால் அதோடு கறுத்த முகம் ஒன்று, கறுத்த துணியோடு, நிழலில் எடுத்தது கட்டாயம் இருக்கட்டும். கூந்தலும் நெற்றியும் தனித்தனியாக அச்சில் வருகிறதா பாருங்க. வந்தால் மற்றதெல்லாம் வரும்.

ஜூலை 9

நேற்று எழுதிவிட்டு 2017 டிஸ்கைத் தேடி எடுத்தேன். அந்தப் பாட்டியின் ரா ஃபைல் இருந்தது. முகத்தில் ஒன்றுமே தொலைந்திருக்கவில்லை, எல்லாம் கேமரா எடுத்துத்தான் வைத்திருக்கிறது. நான்தான் மூடியிருக்கிறேன். முகத்தை முக்கால் ஸ்டாப் தூக்கினேன், புடவையைத் தொடவில்லை. கருநீலத்தில் சரிகைக் கரை தெரிகிறது, கன்னத்துச் சுருக்கம் தெரிகிறது, இடது புருவத்தின் மேல் சின்னத் தழும்பு ஒன்று இருந்திருக்கிறது, அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை.

அந்தம்மா 2020-ல் தவறிவிட்டார். 8×12-இல் மேட் தாளில் போட்டுப் பேத்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய ஆல்பத்தில் அந்தப் பக்கத்தையும் மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், பைண்டிங்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார்.